காலற்ற பல்லிகளின் குடும்பப் பெயரை அமைக்கும் முறை

ஐரோப்பாவின் தோட்டங்களில், கற்களுக்கும் மட்கும் இலைகளுக்கும் அடியில் வாழ்கிற, ஏறத்தாழ ஒரு முழ நீளமுள்ள, வழவழப்பான உடலைக் கொண்ட பிராணி ஒன்றுக்கு 1758-ஆம் ஆண்டில் சுவீடன் நாட்டு இயற்கையியலாளர் லின்னேயஸ் ஆங்குவிஸ் ஃபிராஜிலிஸ் என்று பெயர் வைத்தார். இலத்தீனில் ஆங்குவிஸ் என்றால் பாம்பு. ஃபிராஜிலிஸ் என்றால் எளிதில் ஒடிவது. இரண்டாவது சொல் முழுக்கப் பொருந்துகிறது, ஏனெனில் பகைவரிடம் அகப்பட்டால் இப்பிராணி தன் வாலை ஒடித்துவிட்டுத் தப்பிக்கும். முதல் சொல்தான் பொருந்தவில்லை. இது பாம்பு அன்று. கால்களை இழந்துவிட்ட ஒரு பல்லி. முதல் சொல்லான ஆங்குவிஸ் இதன் பேரினப் பெயர், அதாவது நெருங்கிய உறவுள்ள சிற்றினங்களின் தொகுதிக்குரிய பெயர். பல பேரினங்கள் சேர்ந்தது ஒரு குடும்பம். ஆங்குவிஸ் என்ற பேரினப் பெயரிலிருந்தே ஆங்குவிடே என்ற குடும்பப் பெயர் உருவாயிற்று. அக்குடும்பத்திலோ, கால்கள் இல்லாத பிராணிகளோடு, நான்கு கால்களால் நன்றாக நடக்கக்கூடிய அமெரிக்கப் பல்லிகளும் சேர்ந்திருக்கின்றன. ஆகவே, ஆங்குவிடே என்ற பெயரைப் பிரித்துப் பொருள் கண்டு, அதைக் கொண்டு உள்ளே இருப்பவற்றை ஊகிக்க முயல்பவர் இரண்டு முறை வழி தவறுவார்.

உயிரியல் படிக்கும் மாணவர்களும், தமிழில் விலங்குகளைப் பற்றி எழுதுபவர்களும் இக்குடும்பப் பெயர்களை மனப்பாடம் செய்துகொண்டே காலம் கடத்துவதைப் பார்க்கும்போது எனக்கு வருத்தமாக இருக்கிறது. இவை மனப்பாடம் செய்ய வேண்டியவை அல்ல. ஒரு பேரினத்தின் பெயரும், அப்பெயரின் ஆறாம் வேற்றுமை வடிவமும் தெரிந்தால், குடும்பப் பெயரை எவரும் தாமே அமைத்துவிடலாம். வேற்றுமை உருபு ஏறும்போது சொல் எப்படி வடிவம் மாறும் என்பதைச் சிறுவயதிலிருந்தே பழகியுள்ள தமிழருக்கு இது எளிதாகவே கைகூடும். அதைப் படிப்படியாகக் காட்டுவதே இவ்வழிகாட்டியின் வேலை.

முதலில், அது பல்லிதானா?

பெயருக்குப் போகும் முன் பிராணியைச் சரியாக அடையாளம் கண்டிருக்க வேண்டும். கண்களைக் கவனியுங்கள். பாம்புக்கு அசையும் இமைகள் இல்லை. ஒளி ஊடுருவும் செதில் ஒன்று அதன் கண்ணை மூடியிருக்கும். ஆங்குவிஸ் போன்ற பல்லி கண்ணை மூடித் திறக்கும். அடுத்து, கண்ணுக்குப் பின்னால் செவித்துளை தெரிகிறதா என்று பாருங்கள். பாம்புகளுக்கு வெளிச்செவித்துளை கிடையாது. பின்னர் வயிற்றைப் பாருங்கள். பெரும்பாலான பாம்புகளின் வயிற்றில் அகன்ற செதில்கள் ஒரே வரிசையாகப் படிக்கட்டுபோல் அமைந்திருக்கும். காலற்ற பல்லிகளின் வயிற்றில் சிறு செதில்கள் பல வரிசைகளாக இருக்கும். நான்காவது அடையாளம் வால். தரைக்கு மேல் நடமாடும் காலற்ற பல்லிகளில் மொத்த நீளத்தில் பாதியோ அதற்கு மேலோ வாலாகவே இருக்கும். பாம்பின் வால் உடலோடு ஒப்பிட்டால் குட்டையானது.

இந்த அடையாளங்களில் ஏதேனும் ஒன்றை மட்டும் நம்பி முடிவு கட்டிவிடக் கூடாது. ஆஸ்திரேலியாவிலும் நியூகினியிலும் மட்டும் வாழும் பைகோபோடிடே குடும்பத்துப் பல்லிகளுக்கு அசையும் இமைகள் இல்லை. அவை நம் வீட்டுச் சுவரில் ஊரும் பல்லிகளின் நெருங்கிய உறவினங்கள் என்பதால், அவற்றைப் போலவே தம் கண்களை நாக்கால் நக்கித் துடைத்துக்கொள்கின்றன. இமையை மட்டும் பார்ப்பவர் இவற்றைப் பாம்பு என்றே எழுதிவிடுவார். மண்ணுக்குள் வாழும் டிபாமஸ் பேரினத்திலோ கண்களைச் செதில் மூடியிருக்கும், செவித்துளையும் வெளியே தெரியாது, வாலும் குட்டையானது. எதிர்ப்பக்கமும் இதே சிக்கல் உண்டு: நம் ஊர்ப் பூந்தொட்டி மண்ணில் கிடைக்கும் புழுப்பாம்புக்கு வயிற்றில் அகன்ற செதில்களே இல்லை, ஆயினும் அது பாம்புதான். ஆகவே நான்கு அடையாளங்களையும் சேர்த்துப் பார்த்தே தீர்மானிக்க வேண்டும்.

ஒன்றை இங்கே அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். இன்னதென்று தெரியாத பிராணியைக் கையில் எடுக்கவே கூடாது. அது நச்சுப் பாம்பாக இருந்தால் உங்கள் உயிருக்கு ஆபத்து. பல்லியாக இருந்து நீங்கள் வாலைப் பிடித்துத் தூக்கினால் அதன் வால் ஒடிந்துபோகும். வால் மீண்டும் வளரும் என்பது உண்மைதான், ஆனால் பழைய நீளத்துக்கு வளர்வதில்லை, அதில் சேமித்திருந்த கொழுப்பையும் அப்பிராணி இழந்துவிடுகிறது. தள்ளி நின்று, தலை, பக்கவாட்டு, வால் ஆகியவை தெளிவாகத் தெரியுமாறு படம் எடுத்தாலே அடையாளம் காணப் போதுமானது.

குடும்பத்துக்கு முன் பேரினம்

‘காலற்ற பல்லிகளின் குடும்பம் எது?’ என்று கேட்பவர்கள் பலர். அப்படி ஒரே குடும்பம் இல்லை. செதில் ஊர்வனவற்றின் வரலாற்றில் கால்கள் குறைந்து மறைவது இருபது முறைக்கு மேல் தனித்தனியே நிகழ்ந்திருக்கிறது. புல்லிடையே நெளிவதற்கும் மண்ணைத் துளைத்துச் செல்வதற்கும் நீண்ட உடல் பயன்படுகிறது, அங்கே கால்கள் இடையூறாகின்றன. ஒன்றுக்கொன்று உறவில்லாத வழிமரபுகளும் இதனால் ஒரே வடிவத்தை அடைந்திருக்கின்றன. ஆங்குவிடே, பைகோபோடிடே, டிபாமிடே, கலிஃபோர்னியாவின் மணற்பாங்கான நிலங்களில் வாழும் அன்னியெல்லிடே ஆகியவை ஒருபுறம் இருக்க, அரணைகளின் குடும்பமான சின்சிடேயிலும் காலற்ற இனங்கள் பல உள்ளன.

தமிழில் பல்லி என்ற சொல் முதலில் சுவர்ப்பல்லியையே குறிக்கும்; அரணை, ஓணான், உடும்பு என்று மற்றவற்றுக்கெல்லாம் தனிப்பெயர்கள் உண்டு. அந்த நுட்பத்தை விடாமல் பேசினால், ஆஸ்திரேலியாவின் பைகோபஸ் காலற்ற பல்லி, ஒடிசாவின் சிலிக்கா ஏரித் தீவில் வாழும் பார்குடியா காலற்ற அரணை என்று பிரித்துச் சொல்லலாம். எல்லாவற்றையும் பல்லி என்ற ஒரே சொல்லில் அடக்குவதைவிட இது உறவை நன்றாகக் காட்டுகிறது என்பது என் கருத்து.

எனவே முதல் படி, உங்கள் பிராணியின் பேரினத்தைக் கண்டறிவது. இரண்டாம் படி, அப்பேரினம் எக்குடும்பத்தில் வைக்கப்பட்டிருக்கிறது என்று ரெப்டைல் டேட்டாபேஸ் போன்ற தரவுத்தளத்தில் பார்ப்பது. மூன்றாம் படி, அக்குடும்பத்துக்குப் பெயர் கொடுத்த பேரினம் எது என்று கேட்பது. இந்த மூன்றாவதைப் பலரும் தவறவிடுகிறார்கள். ஒவ்வொரு விலங்குக் குடும்பப் பெயரும் அதற்குள் அடங்கிய ஒரே ஒரு பேரினத்தின் பெயரிலிருந்து வருகிறது. அதை மாதிரிப் பேரினம் என்கிறோம். உடலமைப்பு, வாழிடம், கால்களின் எண்ணிக்கை எதுவும் குடும்பப் பெயரைத் தீர்மானிப்பதில்லை. ஆங்குவிடேயின் மாதிரிப் பேரினம் ஆங்குவிஸ். அதனால்தான் நான்கு கால்களுள்ள எல்கேரியா, அப்ரோனியா, ஜெரோனோட்டஸ் ஆகிய அமெரிக்கப் பேரினங்களும் ‘பாம்பு’ என்ற சொல்லடியிலிருந்து வந்த குடும்பப் பெயரைச் சுமக்கின்றன. வீட்டின் மூத்தவர் பெயரால் ஒரு குடும்பம் அழைக்கப்படும்போது, அவரது உயரமோ நிறமோ வீட்டார் அனைவருக்கும் இருந்தாக வேண்டும் என்று நாம் எதிர்பார்ப்பதில்லை அல்லவா? இதுவும் அப்படியே.

ஆறாம் வேற்றுமையில் தெரியும் அடி

விலங்குகளின் பெயர்களை ஒழுங்குபடுத்தும் பன்னாட்டு விலங்கியல் பெயரிடல் விதித்தொகுப்பின் நான்காம் பதிப்பு 2000 ஜனவரி 1 முதல் நடைமுறையில் உள்ளது. குடும்பப் பெயரை அமைப்பதற்கு அது கூறும் முறை சுருக்கமானது: மாதிரிப் பேரினத்தின் பெயரை எடுத்து, அதன் ஒருமை ஆறாம் வேற்றுமை வடிவத்தை எழுதி, அதிலுள்ள உருபை நீக்கி, எஞ்சும் அடியோடு ‘இடே’ என்ற விகுதியைச் சேர்க்க வேண்டும்.

ஏன் எழுவாய் வடிவத்தை விட்டுவிட்டு ஆறாம் வேற்றுமையைப் பிடிக்க வேண்டும்? தமிழிலேயே விடை இருக்கிறது. மரம் என்ற சொல்லோடு ஐ உருபு சேரும்போது ‘மரமை’ என்று சொல்வதில்லை, ‘மரத்தை’ என்கிறோம். காடு ‘காட்டை’ ஆகிறது, ஆறு ‘ஆற்றை’ ஆகிறது. மரம் என்று தனியே நிற்கும் வடிவத்தைப் பார்த்தால் ‘மரத்து’ என்ற அடி உள்ளே இருப்பது தெரியாது. உருபு ஏறும்போதுதான் அது வெளிப்படும். இலத்தீனும் கிரேக்கமும் இதே இயல்புடையவை. சொல்லின் மெய்யான அடி எழுவாயில் பெரும்பாலும் மறைந்திருக்கும். ஆறாம் வேற்றுமையில் வெளிப்படும்.

ஆங்குவிஸை வைத்துச் செய்து பார்ப்போம். இலத்தீனில் இதன் எழுவாயும் ஆங்குவிஸ், ஆறாம் வேற்றுமையும் ஆங்குவிஸ். இரண்டும் ஒரே வடிவம். இறுதியில் உள்ள ‘இஸ்’ உருபை நீக்கினால் ‘ஆங்கு’ என்ற அடி கிடைக்கும். அதோடு இடே சேர ஆங்குவிடே. பூனைப் பேரினமான ஃபெலிஸிலிருந்து ஃபெலிடே, நாய்ப் பேரினமான கேனிஸிலிருந்து கேனிடே வந்ததும் இதே வாய்பாட்டில்தான். ஆங்குவிடே என்ற பெயரை 1825-இல் முதலில் வெளியிட்டவர் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தின் விலங்கியலாளர் ஜான் எட்வர்ட் கிரே. ‘இடே’ என்ற விகுதி, இன்னாரின் வழிவந்தோர் என்று பொருள்படும் கிரேக்க விகுதியின் பன்மை. எனவே ஆங்குவிடே என்பதற்கு ‘ஆங்குவிஸின் வழியினர்’ என்றே பொருள் கொள்ளலாம். பெயர் பன்மை என்பதையும் இதனோடு நினைவில் வையுங்கள்.

தாவரவியல் படித்தவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. ஃபேபேசியே, மால்வேசியே என்று வரும் ‘ஏசியே’ விகுதி தாவரக் குடும்பங்களுக்கு உரியது. விலங்குகளுக்கு அது வராது.

எளிய பெயர்களை விரைவாகக் கடந்துவிடலாம். டிபாமஸ் என்பதன் ஆறாம் வேற்றுமை டிபாமி, அடி ‘டிபாம்’, குடும்பம் டிபாமிடே. சின்கஸ், ‘சின்க்’, சின்சிடே (இகரத்துக்கு முன் ககரம் சகரமாக ஒலிக்கிறது). அன்னியெல்லா, அன்னியெல்லே, ‘அன்னியெல்ல்’, அன்னியெல்லிடே. ஆம்ஃபிஸ்பீனா என்ற புழுப்பல்லிப் பேரினம் ஆம்ஃபிஸ்பீனிடே ஆகும். இருபுறமும் செல்வது என்ற பொருளுடைய இப்பெயர், வாலும் தலைபோல் தோன்றுவதால் மண்ணுளிப் பாம்பை நாம் ‘இருதலை’ என்று சொல்வதை நினைவூட்டுகிறது, எனினும் இரண்டு பிராணிகளுக்கும் நேரடி உறவு இல்லை.

‘பஸ்’ என்று முடியும் பெயர்களில் வரும் தவறு

அடி மறைந்திருப்பதற்குப் பைகோபஸைவிட நல்ல எடுத்துக்காட்டு இல்லை. 1820-இல் ஜெர்மன் இயற்கையியலாளர் மெர்ரெம் வைத்த இப்பெயரில், பைகே என்பது பிட்டத்தையும் பஸ் என்பது பாதத்தையும் குறிக்கும் கிரேக்கச் சொற்கள். உடலின் பின்பகுதியில் கழிவுத்துளைக்கு இருபுறமும் செதில் மடல்களாக எஞ்சியுள்ள பின்னங்கால்களை இப்பெயர் சொல்கிறது. டிபாமஸைப் போல இதுவும் ‘அஸ்’ என்று முடிவதால் பைகோபிடே என்று எழுதிவிடத் தோன்றும். அது தவறு. பாதத்தைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லின் ஆறாம் வேற்றுமையில் ‘போட்’ என்ற அடி வெளிப்படுகிறது. எனவே பைகோபோடிஸ், ‘பைகோபோட்’, பைகோபோடிடே. கங்காருவின் பேரினமான மேக்ரோபஸ், மேக்ரோபோடிடே ஆவதும், எல்லாருக்கும் தெரிந்த ஆக்டோபஸ், ஆக்டோபோடிடே ஆவதும் இதே காரணத்தால்தான். ஆகவே ‘பஸ்’ என்று முடியும் பெயரைக் கண்டால், அந்தப் பஸ் பாதத்தைக் குறிக்கிறதா என்று முதலில் கேளுங்கள். டிபாமஸில் ‘மஸ்’ இருக்கிறது, பாதமான பஸ் இல்லை. அதனால் அது எளிய வாய்பாட்டில் அடங்கிவிடுகிறது.

இலத்தீனில் பாதத்துக்குப் பெஸ் என்று பெயர். அதன் ஆறாம் வேற்றுமை பெடிஸ். மெக்சிகோவில் வாழும் பைபெஸ் என்ற புழுப்பல்லிக்குப் பின்னங்கால்கள் இல்லை, இரண்டு முன்னங்கால்கள் மட்டும் உண்டு. இரண்டு பாதங்களுடையது என்பதே பெயரின் பொருள். பைபெஸ், பைபெடிஸ், ‘பைபெட்’, குடும்பம் பைபெடிடே. இதே பைபெஸ் என்ற சொல் இலங்கையிலும் இருக்கிறது. இலங்கைக்கே உரிய நெசியா என்ற மண்வாழ் அரணைப் பேரினத்தில் நெசியா பைபெஸ் என்றொரு சிற்றினம் உண்டு. அங்கே அச்சொல் சிற்றினப் பெயர் மட்டுமே. சிற்றினப் பெயரிலிருந்து குடும்பப் பெயர் ஒருபோதும் பிறப்பதில்லை, ஆதலால் நெசியா பைபெஸ் இருப்பது சின்சிடேயில்தான். ஒரே சொல் மெக்சிகோவில் பேரினமாக நின்று ஒரு குடும்பத்துக்குப் பெயராகிறது. இலங்கையில் அடைமொழியாக நின்று அவ்வாறு ஆகவில்லை. இந்த வேறுபாட்டை ஒருமுறை தெளிவாக உணர்ந்தவர் பின்னர் இதில் குழம்ப மாட்டார்.

நெசியாவைப் பற்றி இன்னும் ஒரு சொல். இப்பேரினத்தின் சிற்றினப் பெயர்களை வரிசையாக வாசித்தாலே கால் குறைந்துவரும் கதை புலப்படும்: மோனோடாக்டைலா என்றால் ஒற்றை விரல், டைடாக்டைலா என்றால் இரட்டை விரல், பைபெஸ் என்றால் இரு பாதம், லயார்டி என்ற இனத்துக்குக் கால்களே இல்லை. ஒரு தீவுக்குள், ஒரு பேரினத்துக்குள், இத்தனை நிலைகளையும் காண முடிவது வியப்புக்குரியது. பிராணியின் உடலமைப்பைச் சிற்றினப் பெயர் சொல்லலாம். குடும்பப் பெயருக்கு அந்தப் பொறுப்பு இல்லை.

‘இஸ்’ என்று முடியும் மூன்று பெயர்கள்

ஆங்குவிஸைச் செய்து பழகிய கையோடு, இஸ் என்று முடியும் எல்லாப் பெயரிலும் இஸ்ஸை வெட்டிவிடலாம் என்று நினைக்கக் கூடாது. மேற்குத் தொடர்ச்சி மலையிலும் இலங்கையிலும் ஈரமண்ணில் வாழும் காலற்ற நீர்நில வாழ்வியான இக்தியோஃபிஸை எடுத்துக்கொள்ளுங்கள். காலற்ற பல்லியோடு அடிக்கடி குழப்பிக்கொள்ளப்படும் பிராணி இது. ஆனால் இதற்குச் செதில் போர்த்திய தோல் இல்லை, உடல் முழுவதும் வளையங்கள் உண்டு. இக்தியஸ் என்றால் மீன், ஓஃபிஸ் என்றால் பாம்பு, இரண்டும் கிரேக்கச் சொற்கள். ஆங்குவிஸும் பாம்பு, ஓஃபிஸும் பாம்பு, இரண்டும் இஸ் என்றே முடிகின்றன. ஆயினும் ஓஃபிஸின் அடியில் இகரம் நிலைத்து ‘ஓஃபி’ என்று நிற்கிறது. அதனால் குடும்பம் இக்தியோஃபியிடே. மூன்றாவதாக, நம் நீர்நிலைகளில் காணும் வெள்ளை அரிவாள் மூக்கனின் பேரினம் த்ரெஸ்கியோர்னிஸ். ஓர்னிஸ் என்றால் பறவை. அதன் அடி ‘ஓர்னித்’. ஆகவே குடும்பம் த்ரெஸ்கியோர்னிதிடே. ஒரே முடிவுடைய மூன்று பெயர்கள் மூன்று வழிகளில் பிரிகின்றன. சொல்லின் வால் எப்படி ஒலிக்கிறது என்பதை நம்பாதீர்கள். அகராதியைத் திறந்து ஆறாம் வேற்றுமையைப் பாருங்கள். கிரேக்க, இலத்தீன் அகராதிகளில் ஒவ்வொரு பெயர்ச்சொல்லின் அருகிலும் அவ்வடிவம் கொடுக்கப்பட்டிருக்கும்.

விதிப்படி வர வேண்டிய எழுத்துக்கூட்டு ஒன்றாக இருந்து, அறிஞர்கள் நெடுங்காலமாக ஒருமித்துப் பயன்படுத்துவது வேறொன்றாக இருந்தால், வழக்கில் உள்ளதையே காக்க வேண்டும் என்றும் விதித்தொகுப்பு கூறுகிறது. ஆகவே நீங்கள் அமைத்த பெயரைத் தரவுத்தளத்தோடு ஒப்பிடாமல் அச்சுக்கு அனுப்ப வேண்டாம்.

இரண்டு குடும்பங்களுக்கு ஒரே பெயர் வந்துவிட்டால்

விதிகளைப் பிசகாமல் பின்பற்றினாலும் மோதல் நேரக்கூடும். சிசிலியா என்பது காலற்ற நீர்நில வாழ்விகளின் பேரினம்; ஆறாம் வேற்றுமை சிசிலியே, அடி ‘சிசிலி’, குடும்பம் சிசிலியிடே. சிசிலியஸ் என்பது ஒரு சிறு பூச்சியின் பேரினம். ஆறாம் வேற்றுமை சிசிலியி, அடி அதே ‘சிசிலி’, குடும்பமும் அதே சிசிலியிடே. விலங்குலகில் இரண்டு குடும்பங்கள் ஒரே பெயரைத் தாங்கக் கூடாது. இதற்குத் தீர்வாக, பூச்சியின் பேரினப் பெயரை முழுவதுமாகவே அடியாகக் கொண்டு சிசிலியஸிடே என்ற பெயர் நிறுவப்பட்டது. பழைய பெயர் நீர்நில வாழ்விகளிடமே தங்கிற்று. பஞ்சுருட்டான்களின் பேரினமான மெரோப்ஸ், மெரோபிடே ஆக, மெரோப்பே என்ற பூச்சிப் பேரினத்தின் குடும்பம் மெரோப்பேயிடே என்று நீட்டி எழுதப்படுவதும் இவ்வாறே.

ஆங்குவிடேக்கு இத்தகைய மோதல் இல்லை. ஆனால் கண்ணை ஏமாற்றும் அண்டைப் பெயர்கள் உண்டு. விலாங்கு மீனின் பேரினம் ஆங்குவில்லா, குடும்பம் ஆங்குவில்லிடே. கோதுமை மணியைத் தாக்கும் நூற்புழுவின் பேரினம் ஆங்குவினா, குடும்பம் ஆங்குவினிடே. பல்லிக் குடும்பத்துக்குள் ஆங்குவினே என்றொரு துணைக்குடும்பமும் இருக்கிறது. படியெடுக்கும்போது ஓர் எழுத்து நழுவினால் பல்லி விலாங்காகிவிடும். இப்பெயர்களை எழுதியபின் ஒவ்வோர் எழுத்தாகச் சரிபார்ப்பது அவசியம்.

படிநிலை மாறினால்

துணைக்குடும்பத்துக்கு ‘இனே’ என்றும், குடும்பத்துக்கு ‘இடே’ என்றும், மேற்குடும்பத்துக்கு ‘ஓய்டியா’ என்றும் விகுதிகள் வரும்; அடி மாறாது. அன்னியெல்லாவைத் தனிக் குடும்பமாகக் கொள்வோர் அன்னியெல்லிடே என்றும், ஆங்குவிடேயின் ஒரு கிளையாகக் கொள்வோர் அன்னியெல்லினே என்றும் எழுதுவர். இரண்டில் எதைக் கண்டாலும் பிழை என்று திருத்திவிடாதீர்கள். வகைப்பாட்டைப் பற்றிய கருத்து வேறுபாடே அங்கே பெயரில் தெரிகிறது. அறிவியல் பெயரின் பின்னால் அதை முதலில் வைத்தவரின் பெயரையும் ஆண்டையும் எழுதுவது வழக்கம். படிநிலை மாறினாலும், முதலில் பெயரிட்டவரும் ஆண்டும் மாறுவதில்லை. இதனால் ஆங்குவினே என்ற துணைக்குடும்பத்துக்கும் கிரே, 1825 என்றே எழுத வேண்டும்.

பெயரிட்டவரைச் சுற்றி வரும் அடைப்புக்குறிக்கும் பொருள் உண்டு, ஆனால் அது சிற்றினத்துக்கு மட்டும் உரியது. பால்கன் நாடுகள் முதல் நடு ஆசியா வரை வாழும், ஒரு மீட்டருக்கு மேல் வளரக்கூடிய பெரிய காலற்ற பல்லியின் பெயர் சூடோபஸ் அபோடஸ் (பல்லாஸ், 1775). பல்லாஸ் அதை முதலில் லாசெர்ட்டா என்ற வேறு பேரினத்தில் வைத்திருந்தார் என்பதை அடைப்புக்குறி உணர்த்துகிறது. ஆங்குவிஸ் ஃபிராஜிலிஸ் லின்னேயஸ், 1758 என்பதில் அடைப்புக்குறி இல்லை, ஏனெனில் லின்னேயஸ் வைத்த பேரினத்திலேயே அது இன்றும் இருக்கிறது. சூடோபஸ் என்றால் பொய்க்கால், அபோடஸ் என்றால் காலில்லாதது. கழிவுத்துளையருகே சிறு முளைகளாகப் பின்னங்கால்களின் எச்சம் இருப்பதால் முதற்சொல் வந்தது. இதிலும் பாதமான பஸ் இருக்கிறது. ஆயினும் இதன் குடும்பம் ஆங்குவிடே, ஏனெனில் சூடோபஸ் அங்கே மாதிரிப் பேரினம் அன்று, உறுப்பினர் மட்டுமே.

தமிழ் எழுத்தில் எழுதும்போது

ஆங்கு என்பதோடு இடே சேர்ந்தால், நம் புணர்ச்சி விதிப்படி ஆங்கிடே என்றே வாய் சொல்லும். மென்றொடர்க் குற்றியலுகரம் உயிர் வந்தால் தன் உகரத்தை இழப்பது இயல்பு. ஆனால் இலத்தீனில் அந்த உகரம் ஒலிக்கப்பட வேண்டியது. அதை முற்றியலுகரமாகக் கொண்டு, திருவருள் என்பதில் வருவதுபோல் வகர உடம்படுமெய் சேர்த்து ஆங்குவிடே என்று எழுதுவதே அடியைக் காக்கும். அடி இகரத்தில் முடிந்தால் யகரம் வரும்: இக்தியோஃபி, இக்தியோஃபியிடே, சிசிலி, சிசிலியிடே. இந்த ‘யி’ யைத் தேவையற்றது என்று கருதி நீக்கிவிடுபவர்கள் உண்டு. நீக்கினால் அடியின் இகரம் தொலைந்து, வேறு பேரினத்தின் குடும்பம்போல் தோன்றும். பைகோபோடிடே என்பதில் அடுத்தடுத்து வரும் இரண்டு டகரங்களும் இதுபோலவே தேவையானவை. முன்னது பாதத்தின் அடியைச் சேர்ந்தது, பின்னது விகுதியைச் சேர்ந்தது.

பேரினப் பெயரும் சிற்றினப் பெயரும் சாய்வெழுத்தில் வரும். குடும்பப் பெயர் நேரெழுத்தில் வரும். தமிழில் பெரிய எழுத்து, சிறிய எழுத்து என்ற வேறுபாடு இல்லாததால், முதல் முறை எழுதும்போது ‘ஆங்குவிடே குடும்பம்’, ‘ஆங்குவிஸ் பேரினம்’ என்று படிநிலைச் சொல்லையும் சேர்த்தே எழுதுங்கள். அது படிப்பவரின் ஐயத்தைப் போக்கும்.

இரண்டு பெயர்ச்சீட்டுகள்

இந்திய எடுத்துக்காட்டுகள் இரண்டுக்கு, சேகரித்த பிராணியோடு வைக்கும் பெயர்ச்சீட்டை எழுதி, முழு முறையையும் செய்து பார்ப்போம். ஒடிசாவின் சிலிக்கா ஏரியில் பார்குடா என்றொரு தீவு இருக்கிறது. இந்திய விலங்கியல் ஆய்வகத்தின் முதல் இயக்குநரான நெல்சன் அன்னண்டேல், அங்கே கிடைத்த காலற்ற அரணை ஒன்றை 1917-இல் விவரித்து, தீவின் பெயராலேயே பார்குடியா இன்சுலாரிஸ் என்று அழைத்தார். பார்குடியாவிலிருந்து பார்குடியிடே என்று அமைக்க இலக்கணம் இடம் தரும், ஆனால் அப்பேரினம் எந்தக் குடும்பத்துக்கும் மாதிரி அன்று. அது அரணைகளோடு வைக்கப்பட்டுள்ளது. அரணைகளின் மாதிரிப் பேரினம் சின்கஸ். எனவே சீட்டில் எழுத வேண்டியது: சின்சிடே குடும்பம், பார்குடியா இன்சுலாரிஸ் அன்னண்டேல், 1917, பார்குடா தீவு, சிலிக்கா ஏரி.

அடுத்து, கிழக்கு இமயமலைப் பகுதியிலும் வடகிழக்கு இந்தியாவிலும் வாழும், உடலின் இருபுறமும் நெடுக ஒரு மடிப்பு ஓடுகிற, தொட்டால் வால் கண்ணாடிபோல் ஒடிகிற பல்லி. அதன் பேரினம் டோபாசியா. 1845-இல் கிரே அதைச் சூடோபஸ் பேரினத்தில் சேர்த்து விவரித்தார். இன்று அது வேறு பேரினத்தில் இருப்பதால் அடைப்புக்குறி தேவைப்படுகிறது. குடும்பத்தின் மாதிரிப் பேரினம் ஆங்குவிஸ், அடி ‘ஆங்கு’. அதன் சீட்டு இவ்வாறு அமையும்: ஆங்குவிடே குடும்பம் கிரே, 1825, டோபாசியா கிராசிலிஸ் (கிரே, 1845).